கலங்கலா, கரைசலா: பிளேட்டிங் பட்டறைத் தண்ணீருக்கு எந்த இயற்கைப் பாலிமர்?

கோவையில் நிக்கல், குரோம் பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், எனக்குத் தூரத்துச் சொந்தமும்கூட, சில மாதங்களுக்கு முன்னால் போன் செய்தார். "தம்பி, இறால் ஓட்டுல செஞ்ச பவுடர் ஒண்ணு இருக்காமே, அதைப் போட்டா நிக்கல் எல்லாம் ஒட்டிக்குமாமே, சுண்ணாம்பே வேண்டாமாமே, வாங்கீரட்டுமா?" அவருடைய ஈ.டி.பி. என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பைத் தாண்டி வெளியே வரும் தண்ணீரில் நிக்கல் லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்று லேப் ரிப்போர்ட் வந்திருந்தது. நீர்நிலையில் விட அனுமதி 3 மில்லிகிராம். நான் வேதியியல் படித்துவிட்டுப் பல வருடமாக இந்தக் கழிவுநீர் வேலையிலேயே இருப்பவன், அதனால் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையும், சொல்வதற்கு முன்னால் நான் போட்டுப் பார்த்த கணக்கையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு வேறு பட்டறைக்காரர்கள், கல்லூரியில் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பேச்சில் அடிபடும் இயற்கைப் பாலிமர்கள், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்கள், நான்கு. இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான். பழுப்புக் கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட். மரவள்ளி மாவிலிருந்து செய்யக்கூடிய ஸ்டார்ச் சாந்தேட். சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சூடாக்கிய தென்னை நார்க்கழிவு அல்லது மரத்தூள். நான்குமே உலோகத்தைப் பிடிக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் எந்த உலோகத்தை, எப்படிப்பட்ட தண்ணீரில், எத்தனை நாளைக்குப் பிடிக்கும், பிடித்த பிறகு அந்தப் பொருள் எங்கே போகும் என்று கேட்கத் தொடங்கினால் நான்கும் நான்கு திசையில் பிரிந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன் என்றால், தவறான பொருளை வாங்கிப் போட்டு "இயற்கை முறையில் சுத்தம் செய்துவிட்டோம்" என்று நம்பிவிட்டால், அந்தத் தண்ணீர் சாக்கடை வழியாகக் கடைசியில் சேரும் இடம் நொய்யலும் அதன் குளங்களும்தான். ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடிய ஒரு குரோமேட் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் கொட்டி வைத்துவிட்டுப் போனது, இன்னும் அந்த ஊர்க்காரர்கள் நிலத்தடி நீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உலோகம் மட்கிப் போகாது. ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் நம் பேரப்பிள்ளைகளின் கிணற்றிலும் இருக்கும்.

சரி, ஒப்பிடுவதற்கு முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். அது சுண்ணாம்பும் காஸ்டிக் சோடாவும்தான். பட்டறைகளில் நடக்கும் வழக்கமான முறை இது: குரோம் ரின்ஸ் தண்ணீரை, அதாவது குரோம் பூசிய உருப்படியைக் கழுவிய தண்ணீரை, தனியாகப் பிடித்து, அமிலம் விட்டு பிஹெச்சை 2, 2.5 அளவுக்கு இறக்கி, மெட்டா என்று சொல்லும் சோடியம் மெட்டாபைசல்பைட்டைப் போட்டால் மஞ்சள் நிறம் பச்சையாகும். ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனுக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அதை நிக்கல் தண்ணீரோடு சேர்த்தோ தனியாகவோ சுண்ணாம்பு அல்லது காஸ்டிக் போட்டு பிஹெச்சை ஏற்றினால் உலோகம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு கீழே படியும். மேலே தெளிந்த தண்ணீரை அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்து வெளியே விடுவார்கள். இதில் ஒரு சிக்கல், குரோமியம் நன்றாகப் படிவது பிஹெச் 8 பக்கத்தில், நிக்கல் படிவது 10க்கு மேல். இரண்டையும் ஒரே தொட்டியில் ஒரே பிஹெச்சில் படிய வைக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று கொஞ்சம் தங்கிவிடும்.

இப்போது கணக்கு. ஒரு நாளைக்கு 5,000 லிட்டர் நிக்கல் ரின்ஸ் தண்ணீர், லிட்டருக்கு 100 மில்லிகிராம் நிக்கல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 500 கிராம் நிக்கல். இதைக் காஸ்டிக் போட்டுப் படிய வைக்க வேதியியல் கணக்குப்படி 680 கிராம் காஸ்டிக் போதும், நடைமுறையில் பிஹெச் ஏற்றுவதற்குக் கொஞ்சம் கூடுதலாகும். இதையே நல்ல கைட்டோசான் கொண்டு பிடிக்க வேண்டுமானால், ஒரு கிராம் கைட்டோசான் 100 மில்லிகிராம் நிக்கல் பிடிக்கும் என்று தாராளமாக வைத்தாலும், நாளைக்கு 5 கிலோ வேண்டும். கைட்டோசான் கிலோவுக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், காஸ்டிக் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும். அதாவது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கைட்டோசானை வைப்பது என்ற யோசனை இந்த ஒரு வரியிலேயே விழுந்துவிடுகிறது. "சேறே வராது" என்று சொல்வதும் அப்படித்தான். 500 கிராம் நிக்கல் ஹைட்ராக்சைடாகப் படிந்தால் உலர்ந்த எடை 800 கிராம்கூட வராது, பில்டர் பிரஸ்ஸில் பிழிந்த ஈரக் கட்டியாக மூன்று நான்கு கிலோ வரும். நிக்கல் ஏறிய கைட்டோசானோ உலர்ந்த எடையிலேயே 5 கிலோ, ஈரத்தோடு இன்னும் அதிகம். அதுவும் அபாயகரக் கழிவுதான், அதுவும் கும்மிடிப்பூண்டி மாதிரி அனுமதி பெற்ற கிடங்குக்குத்தான் போக வேண்டும்.

எனவே இந்தப் பாலிமர்களின் இடம் சுண்ணாம்புக்குப் பின்னால்தான். 8 மில்லிகிராமை 3க்குக் கீழே இறக்கும் கடைசிக் கட்ட வேலை. நான்கையும் அந்த வேலைக்கு வைத்துத்தான் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் ஆய்வுக் கட்டுரைகளில் வரும் "ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம்" என்ற எண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பவர்களும் அந்த எண்ணைத்தான் காட்டுகிறார்கள். அது பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு உலோகத்தைக் கரைத்து, நிறைய உலோகம் இருக்கும் நிலையில் அளந்து, அங்கிருந்து உச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு எடுத்த எண். உலோகம் குறையக் குறையப் பிடிமானமும் குறையும். உச்சம் 150 என்று எழுதப்பட்ட ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம், அதன் நாட்டம் சுமாரானது, அந்த நாட்டத்தைக் குறிக்கும் லாங்மூர் மாறிலி 0.02 என்று வைப்போம். தண்ணீரில் 100 மில்லிகிராம் உலோகம் இருக்கும்போது அது கிராமுக்கு 100 பிடிக்கும். தண்ணீரில் 8 இருக்கும்போது 20 தான். தண்ணீரில் 3 இருக்கும்போது எட்டரை. பொருள் அதேதான், ஏமாற்று எதுவும் இல்லை, நாம் நிற்கும் இடம்தான் வேறு.

இதிலிருந்து ஒரு நல்ல பாடம் கிடைக்கிறது. தொட்டியில் பவுடரைக் கொட்டிக் கலக்கினால், பவுடர் கடைசியில் வெளியேறும் தண்ணீரோடுதான் சமநிலைக்கு வரும், அதாவது எட்டரை அளவோடு நிற்கும். அதையே ஒரு குழாயில் நிரப்பித் தண்ணீரை மேலிருந்து கீழே விட்டால், மேல் பகுதி உள்ளே வரும் 8 மில்லிகிராம் தண்ணீரோடு சமநிலைக்கு வரும், 20 வரை ஏறும். தொட்டியில் கலக்கினால் 5 மில்லிகிராமை இறக்கவே நாளைக்கு 3 கிலோ, குழாயில் விட்டால் 8 மில்லிகிராமையும் எடுத்து 2 கிலோ. பவுடராக வாங்காதீர்கள், மணியாக வாங்கிக் குழாயில் போடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கைட்டோசானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான்கில் அதுதான் உண்மையான போட்டியாளர். இந்தியா ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் உறைந்த இறால் ஏற்றுமதி செய்கிறது, தலையும் ஓடும் இங்கேயே தங்கிவிடுகிறது, எனவே மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதைச் செய்யும் தொழில்நுட்பத்தை நீண்ட காலமாகவே வளர்த்து வந்திருக்கிறது. ஓட்டை அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, காரத்தில் போட்டுப் புரதத்தை எடுத்தால் கைட்டின். அதை அடர்ந்த காஸ்டிக்கில் வேகவைத்தால் அசிட்டைல் தொகுதிகள் கழன்று அமீன் தொகுதிகள் வெளிப்படும், அதுதான் கைட்டோசான். உலோகத்தைப் பிடிப்பது அந்த அமீனின் நைட்ரஜன். முழுக்க அசிட்டைல் நீங்கிய கைட்டோசானில் கிராமுக்கு 6.2 மில்லிமோல் அமீன் இருக்கும். ஒரு செம்பு அயனியை இரண்டு அமீன்கள் சேர்ந்து பிடித்தால் கிராமுக்கு 197 மில்லிகிராம் செம்பு. யாராவது சாதாரண கைட்டோசானே செம்பை இதைவிட மிக அதிகமாகப் பிடிக்கிறது என்றால், படிந்ததையும் சேர்த்து எண்ணிவிட்டார்களா என்று நான் சந்தேகப்படுவேன்.

அதன் பெரிய பலம், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது கண்டுகொள்வதே இல்லை. கோவை போர்வெல் தண்ணீரின் உப்பும், சுண்ணாம்பு போட்டதால் ஏறிய கால்சியமும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளாது. செம்பு என்றால் அது மிக நன்றாகப் பிடிக்கும், பாதரசத்தையும் அப்படியே. நிக்கல் அதற்கு அடுத்த படிதான். துத்தநாகம், காட்மியம் இன்னும் கீழே.

பலவீனம் அமிலம். சும்மா கைட்டோசான் அசிட்டிக் அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்றவற்றில் கரைந்தே போய்விடும். அதனால்தான் மாற்றியமைத்த கைட்டோசான் என்று தேட வேண்டியிருக்கிறது. குளுட்டரால்டிஹைடு, எபிகுளோரோஹைட்ரின் போன்றவற்றால் இழைகளைக் குறுக்கே பிணைத்துவிட்டால் கரையாது. ஆனால் குளுட்டரால்டிஹைடு பிணைப்பதே அந்த அமீனைப் பிடித்துத்தான், எனவே உறுதி கூடக்கூட பிடிமானம் குறையும். விற்பவரிடம் எந்தப் பிணைப்பு, எவ்வளவு சதவீதம் அசிட்டைல் நீக்கம் என்று கேளுங்கள், 85க்குக் கீழே என்றால் வேண்டாம். பயன்படுத்திய பின் கழுவி மீண்டும் எடுக்க நீர்த்த சல்பூரிக் அமிலம் நல்லது, சாதாரண வெப்பத்தில் கைட்டோசான் அதில் கரைவதில்லை.

குரோமியம் பிடிக்குமா என்றால், அமிலத் தண்ணீரில் அமீன் நேர்மின்னூட்டம் பெற்றுக் குரோமேட்டை இழுத்துக்கொள்ளும், அது உண்மை. ஆனால் குரோமேட் சும்மா ஒட்டிக்கொண்டு இருக்காது, பாலிமரையே ஆக்சிஜனேற்றம் செய்து தின்னும். தண்ணீரில் இருக்கும் சல்பேட்டும் இடத்துக்குப் போட்டி போடும். ஒரு கிராம் குரோமியத்துக்கு ஏறக்குறைய 3 கிராம் மெட்டா போட்டால் சில நிமிடங்களில் வேலை முடிகிறது. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அனுமதி 0.1 மில்லிகிராம் மட்டுமே, அதில் சோதனை செய்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. குரோம் ரின்ஸுக்கு மெட்டாவிலேயே இருங்கள் என்பதுதான் என் தீர்மானம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கைட்டோசான் செய்யும் ஆலையிலிருந்தே நிறைய அமிலக் கழிவும் காரக் கழிவும் வெளியேறுகிறது. இயற்கையிலிருந்து வந்தது என்பதால் சுற்றுச்சூழலுக்குச் செலவில்லாமல் வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது ஆல்ஜினேட். மண்டபம், ராமேசுவரம் பக்கம் கடலில் இறங்கிப் பெண்கள் எடுக்கும் கட்டக்கோரை, பக்கோடாப் பாசி, இந்தப் பழுப்புப் பாசிகளிலிருந்து வருவது. சோடியம் ஆல்ஜினேட் கரைசலைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி மாதிரி மணிகள் உருளும், பார்க்கவே அழகாக இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்யலாம். இதில் பிடிப்பது கார்பாக்சில் தொகுதி. அதற்குப் பிடித்தமான வரிசை ஒன்று உண்டு: ஈயம் முதலில், அப்புறம் செம்பு, காட்மியம், அதற்கும் பின்னால் கால்சியம், கால்சியத்துக்கும் பின்னால்தான் நிக்கலும் துத்தநாகமும். இந்த ஒரு வரிசையே அண்ணனின் கேள்விக்குப் பதில். சுண்ணாம்பு போட்ட தண்ணீரில் கால்சியம் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும், நிக்கல் வெறும் 8. கால்சியத்தைத் தள்ளிவிட்டு நிக்கல் உட்கார வழியே இல்லை. பேட்டரி ஈயத் தண்ணீர் வைத்திருப்பவர் கேட்டால் நான் ஆல்ஜினேட்டைத்தான் முதலில் சொல்வேன், அங்கே அனுமதியே 0.1 மில்லிகிராம், ஈயத்தை அது விடாப்பிடியாகப் பிடிக்கும். நிக்கலுக்கு வேண்டாம்.

ஈயத்துக்கு வாங்குபவரும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஈர மணியில் பெரும்பகுதி தண்ணீர்தான். 2 சதவீதக் கரைசலில் செய்த மணிகளை ஒரு லிட்டர் குழாயில் நிரப்பினால் உள்ளே உண்மையான ஆல்ஜினேட் 20 கிராம்கூட இருக்காது. கிராமுக்கு 100 மில்லிகிராம் என்றாலும் ஒரு லிட்டர் குழாய்க்கு 2 கிராம் உலோகம். கைட்டோசான் ஈர மணிக்கும் இதே கதிதான். கடையில் கிடைக்கும் அயனிப் பரிமாற்ற ரெசின் (உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் செயற்கை மணி) ஒரு லிட்டர் ஐம்பது கிராமுக்கு மேல் நிக்கலைப் பிடிக்கக்கூடியது. எனவே குழாய் எவ்வளவு பெரிதாக வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கணக்கை லிட்டரில் போடுங்கள், கிராமில் போடாதீர்கள். ஆல்ஜினேட்டைப் பிரித்தெடுக்காமல் பாசியையே கழுவி, கால்சியம் ஏற்றி, உலர்த்தி நொறுக்கிக் குழாயில் போடுவது இதைவிடச் சிக்கனம். 1990களில் வட அமெரிக்காவில் இப்படிப் பாசி, பாக்டீரியா கொண்டு உலோகம் பிடிக்கும் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள், ஆனால் ரெசினை விலையாலும் நிலைத்தன்மையாலும் வெல்ல முடியாமல் அவை பெரிதாகப் பரவவில்லை.

ஸ்டார்ச் சாந்தேட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களில் அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் பிளேட்டிங் தண்ணீருக்கென்றே இதை வளர்த்தார்கள். கந்தகம் இருப்பதால் செம்பு, காட்மியம், பாதரசம் போன்றவற்றை இறுக்கிப் பிடிக்கும். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி மாவு மலையாகக் கிடைப்பதால் "நாமே செய்துகொள்ளலாமே" என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அதைச் செய்யக் கார்பன் டைசல்பைடு வேண்டும். பூஜ்யத்துக்கும் 30 டிகிரி கீழேயே தீப்பிடிக்கும் ஆவியை விடுவது அது, சூடான நீராவிக் குழாய் பக்கத்தில் இருந்தாலே பொறி இல்லாமல் பற்றிக்கொள்ளும், நரம்புக்கும் கேடு. செய்து முடித்த சாந்தேட்டும் வெயிலில் வைத்தால் சிதைந்து நாற்றம் எடுக்கும். நம் ஊர் வெயிலில் மூட்டை போட்டு வைக்கும் சரக்கு இல்லை அது.

நான்காவதான நார்க்கழிவு எல்லோருக்கும் ஆசை காட்டும், ஏனென்றால் பொள்ளாச்சிப் பக்கம் அது குவிந்து கிடக்கிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே அதைக் கரியாக்கி உலோகம் பிடிக்க வைக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கரியாக்காமல் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து 120 டிகிரி அளவில் சூடாக்கினால் செல்லுலோஸோடு அமிலம் இணைந்து புதிய கார்பாக்சில் தொகுதிகள் கிடைக்கும், பிடிமானம் கூடும். செலவு குறைவு, விஷ வேதிப்பொருள் எதுவும் இல்லை, செய்முறையும் எளிது. ஆனால் இதுவும் கார்பாக்சில்தான், எனவே கால்சியம் பிரச்சினை ஆல்ஜினேட் மாதிரியே. அதோடு நன்றாகக் கழுவாவிட்டால் பழுப்புச் சாயம் இறங்கித் தண்ணீரின் சி.ஓ.டி., அதாவது கரிமக் கழிவைக் காட்டும் அளவு, ஏறும். மெல்லிய தூளாக இருப்பதால் குழாயில் அடைத்துக்கொள்ளும், தொட்டியில் மிதக்கும். நிக்கலுக்காக இதைத்தான் போட வேண்டும் என்றால் சுண்ணாம்பை விட்டுவிட்டுக் காஸ்டிக்கில் படிய வைத்த தண்ணீருக்குப் போடுங்கள், அங்கே கால்சியத் தொல்லை குறைவு.

இதில் எனக்குப் பயமே ஒன்றுதான். உலோகம் ஏறிய நார்க்கழிவு பார்ப்பதற்குச் சாதாரண நார்க்கழிவு மாதிரியே இருக்கும். யாராவது எடுத்துத் தோட்டத்துக்கோ நாற்றுப் பைக்கோ போட்டுவிட்டால் அவ்வளவுதான். அடுப்பில் போட்டு எரித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், குரோமியம் ஏறியிருந்தால் எரிந்த சாம்பலில் அது மறுபடி ஆறு இணைதிறனாக மாறக்கூடும், மெட்டா போட்டுப் பட்ட பாடெல்லாம் வீண். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு சிமென்ட் சூளைக்கு அனுப்பும் வழி இருக்கிறது, அல்லது கிடங்கு. வேறு வழி கிடையாது.

இப்படியெல்லாம் கணக்குப் போட்டு, நிக்கலுக்கு நான்கில் கைட்டோசான் மணிதான் என்று முடிவு கட்டி அண்ணனுக்குப் போன் செய்யப் போகும்போதுதான், சில வருடங்களுக்கு முன்னால் நான் செய்த தப்பு நினைவுக்கு வந்தது. வேறொரு பட்டறையில் இதே மாதிரி நிக்கல் கொஞ்சம் தங்குகிறது என்று கைட்டோசான் குழாய் வைத்து இரண்டு வாரம் ஓட்டினேன். முதல் நாள் நன்றாக இறங்கியது, மூன்றாம் நாள் குழாய் அடைத்தது, பிரித்துப் பார்த்தால் மேல் பகுதியில் பச்சைப் படலம். அது கரைந்திருந்த நிக்கலே இல்லை. படியாமல் மிதந்து வந்த மெல்லிய நிக்கல் ஹைட்ராக்சைடுத் திரள். பிஹெச்சைப் 10லிருந்து 7க்கு இறக்க அமிலம் விடும்போது அந்தத் திரள் திரும்பக் கரைந்து, லேப் ரிப்போர்ட்டில் நிக்கலாகத் தெரிந்திருக்கிறது. நான் விலை உயர்ந்த பாலிமரை மணல் வடிகட்டி செய்யும் வேலைக்கு உட்கார வைத்திருந்தேன்.

சின்ன வயதில் எங்கள் பாட்டி கலங்கிய தண்ணீர் வந்தால் மண்பானையின் உள்ளே தேற்றாங்கொட்டையை உரசி விடுவார், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். அதுவும் இயற்கைப் பாலிமர் செய்யும் வேலைதான். ஆனால் அது எடுப்பது கலங்கலை. கரைந்திருக்கும் உப்பையோ உலோகத்தையோ அதனால் எடுத்துவிட முடியும் என்று நம்பிவிடக் கூடாது. கலங்கல் வேறு, கரைசல் வேறு. எந்தப் பாலிமர் என்று தேடுவதற்கு முன்னால், நம் தண்ணீரில் தங்கியிருப்பது கலங்கலா கரைசலா என்று பார்த்திருக்க வேண்டும்.

அதைப் பார்க்கப் பெரிய செலவில்லை. படிவுத் தொட்டியிலிருந்து வெளியே வரும் தண்ணீரை, அமிலம் விடுவதற்கு முன்னால், இரண்டு பாட்டிலில் பிடியுங்கள். ஒன்றை அப்படியே லேபுக்குக் கொடுங்கள். இன்னொன்றை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிக் கொடுங்கள். இரண்டிலும் நிக்கல் ஒரே மாதிரி என்றால் கரைந்திருப்பதுதான் பிரச்சினை. வடிகட்டியதில் குறைந்துவிட்டால் பிரச்சினை திரள்.

திரள்தான் என்றால் இயற்கைப் பாலிமருக்கு வேறொரு வேலை இருக்கிறது, அங்கே கணக்கே தலைகீழாகிவிடும். மேலே எந்தக் கால்சியத்தால் ஆல்ஜினேட் மணி தோற்றுப்போனதோ, அதே கால்சியம் இங்கே உதவிக்கு வருகிறது. சுண்ணாம்பு போட்ட தண்ணீரில் கொஞ்சம் சோடியம் ஆல்ஜினேட் கரைசலை விட்டால், அது கால்சியத்தோடு சேர்ந்து வலை மாதிரி உறைந்து மெல்லிய திரளை எல்லாம் கூட்டிப் பெரிதாக்கிப் படிய வைக்கும். குடிநீர்ச் சுத்திகரிப்பில்கூட இதைத் திரட்டுவதற்கு உதவியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று வைத்தால் 5,000 லிட்டருக்கு நாளைக்கு 20 கிராம். குழாயில் நாளைக்கு 2 கிலோ எங்கே, இது எங்கே. சரியான அளவை ஜார் டெஸ்ட் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஆறு பீக்கரில் ஆறு அளவு விட்டு, மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் படிய விட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அதிகமாக விட்டால் திரள் கொழகொழவென்று ஆகி மணல் வடிகட்டியை அடைக்கும், ஜாக்கிரதை.

கரைசல்தான் என்றால் முதலில் பாத்தில், அதாவது முலாம் பூசும் கரைசலில், என்ன இருக்கிறது என்று பாருங்கள். எலக்ட்ரோலெஸ் நிக்கல், அதாவது மின்சாரம் இல்லாமல் வேதிவினையால் பூசும் நிக்கல், ஓட்டுகிறவர்களின் பாத்தில் சிட்ரேட், லாக்டேட் மாதிரி உலோகத்தை இறுகப் பிடித்து வைக்கும் பொருள்கள் இருக்கும், கழுவும் திரவத்தில் ஈ.டி.டி.ஏ. இருந்தாலும் அப்படித்தான். அவற்றின் பிடியில் இருக்கும் நிக்கல் சுண்ணாம்புக்கும் மசியாது, அமீனுக்கும் கார்பாக்சிலுக்கும் சுலபத்தில் மசியாது. அங்கே கந்தகம் சார்ந்த டைதயோகார்பமேட் வகை வீழ்படிவாக்கியோ, அதற்கென்றே உள்ள சிறப்பு ரெசினோதான் கை கொடுக்கும். அந்தத் தண்ணீரை மற்ற ரின்ஸோடு கலக்காமல் தனியாக வைப்பதே பாதி வெற்றி. அப்படி எதுவும் இல்லாமல் சாதாரண நிக்கல் பாத் மட்டும் என்றால், நடுநிலைக்குக் கொண்டுவந்து, மணல் வடிகட்டியைத் தாண்டிய பிறகு, பிணைத்த கைட்டோசான் மணிக் குழாய் இரண்டு வரிசையாக வைக்கலாம். பக்கத்தில் ரெசினுக்கும் ஒரு விலை கேட்டுவிடுங்கள். அமிலம் கொண்டு திரும்பத் திரும்பக் கழுவி ஓட்ட ஆளும் இடமும் இருக்கிறவருக்கு ரெசின், அது இல்லாமல் மாதம் ஒருமுறை மாற்றிக் கிடங்குக்கு அனுப்பிவிடலாம் என்பவருக்குக் கைட்டோசான் என்று நான் பிரிப்பேன். செம்பு பிளேட்டிங் வைத்திருப்பவருக்கு இந்தத் தயக்கமே வேண்டாம், கைட்டோசானையே முதலில் போட்டுப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றை அண்ணனிடம் அழுத்திச் சொன்னேன். நிக்கல் பாத்துக்குப் பக்கத்திலேயே ஓடாத தண்ணீர்த் தொட்டி ஒன்று, ட்ராக் அவுட் தொட்டி, வையுங்கள். பாத்திலிருந்து எடுத்த உருப்படியை முதலில் அதில் முக்கிச் சொட்ட விட்டு அப்புறம் ஓடும் தண்ணீருக்குக் கொண்டு போங்கள். பாத் 55, 60 டிகிரியில் ஓடுவதால் தினமும் தண்ணீர் ஆவியாகும், அந்த இடத்தை இந்தத் தொட்டித் தண்ணீரைக் கொண்டே நிரப்பலாம். சாக்கடைக்குப் போகும் நிக்கல் காசு திரும்பப் பாத்துக்கே வரும், ஈ.டி.பி.க்குச் சுமையும் குறையும். உருப்படியைச் சொட்ட விட இன்னும் பத்து நொடி கூடுதலாகக் கொடுப்பதற்கு எந்தப் பாலிமரும் ஈடாகாது.

போன வாரம் அவருடைய இரண்டு பாட்டில் ரிப்போர்ட் வந்தது. வடிகட்டாததில் 8.2, வடிகட்டியதில் 1.6. கைட்டோசான் ஆர்டரை நிறுத்திவிட்டு மணல் வடிகட்டிக்குக் கொட்டேஷன் வாங்கியிருக்கிறார், கால் கிலோ சோடியம் ஆல்ஜினேட் வாங்கி வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவில் ஜார் டெஸ்டுக்கு நான் போகிறேன். விற்பவர் இனாமாகக் கொடுத்த கைட்டோசான் மணி சாம்பிள் ஒரு டப்பா அவர் மேசையில் இருக்கிறது, அதைப் பக்கத்துச் செம்பு லைன்காரரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.